ஏழாம் வீட்டைத் தாண்டிப் போன அட்டை

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. அந்த அழைப்பு இன்னும் முடியவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை மேசைமேல் படுக்க வைத்திருக்கிறேன். மறுமுனையில், ஷிமானே மலைப்பக்கம் உஷிதானி என்ற சிற்றூரில், எண்பத்தைந்து வயது மிசாவோம்மா சமையலறை நாற்காலியில் காத்திருக்கிறார். அவர் கேட்டதற்கு ஓர் எண்ணைச் சொன்னால் போதும். எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவு எழுத முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் கதைக்குள் நிமிடத்தின் நீளத்தை நான் முடிவு செய்யலாம். எனக்கு இருக்கிற ஒரே அதிகாரம் அது, அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

அவர் கேட்ட கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன். எதற்காக இத்தனை பாடு என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மர்மக்கதை என்று என்னைத் திட்டக் கூடாது. அவர் வீட்டு வாசலுக்கு ஓர் அட்டை வர வேண்டும். இருபத்து நான்கு வருஷமாக வரவில்லை. அது வருமா வராதா என்பது என் பதிலில் இருக்கிறது.

(மிசாவோ என்பது பெயர். அங்கே பெயருக்குப் பின்னால் ஒட்டும் மரியாதையை நான் "அம்மா" ஆக்கிவிட்டேன். இருபத்தொன்பது வருஷம் இந்த நாட்டில் இருந்த பிறகும் என் வாய்க்கு அதுதான் வருகிறது.)

2

இதற்கு முன் இந்தக் கதையை மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன். மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

முதலாவது: "ஜப்பானிய அரசியலைப் பற்றி யார் எங்கே எழுதினாலும், மகாபே தெத்சுவோவின் பெயரைச் சொல்லாமல் இரண்டாம் பக்கத்துக்குப் போக முடியாது. இந்தப் புலத்தில் அவருடைய தாக்கம்—"

இது கதையே இல்லை. போன நவம்பரில் காலமான என் பேராசிரியர் மகாபே சென்செயின் நினைவு மலருக்காக நான் ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்த கட்டுரையின் முதல் வரி. நான் ஹிரோஷிமாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் அரசியல் துறையில் ஆவண அறையைப் பார்த்துக்கொள்கிறேன். யாருடைய ஆய்வை எத்தனை பேர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவதும் என் வேலைதான். அதனால் "ஆய்வுத் தாக்கம்" என்ற கட்டுரையை என் தலையில் கட்டினார்கள்.

இரண்டாவது: "மலையிலிருந்து இறங்கும் பனிமூட்டம் உஷிதானியின் கூரைகளைத் தொட்டுத் தொட்டு—"

இதையும் விட்டுவிட்டேன். பனிமூட்டத்துக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் இல்லை. எதையாவது மறைக்க நினைக்கும்போதெல்லாம் நான் வானிலைக்குப் போய்விடுகிறேன்.

மூன்றாவது: "வரைபடத்தை ஓர் உதவியாளர் வரைந்தார்."

இது உண்மையான வாக்கியம். ஆனால் இதில் ஆள் இல்லை. பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

3

முதலில் அந்த அட்டை.

உஷிதானியில் அப்போது பதினோரு வீடுகள். ஊருக்குச் சொல்ல வேண்டிய எதுவும் ஓர் அட்டையில் செருகப்பட்டுச் சுற்றுக்கு வரும். வாய்க்கால் தூர்வார வேண்டிய நாள், தண்ணீர் நிற்கும் நாள், கோயில் திருவிழாவுக்கு யார் என்ன செய்வது, யார் இறந்தார் என்பது எல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டுத் தன் கட்டத்தில் முத்திரை குத்தி, அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாசலில் போட்டுவிட்டுத் திரும்புவது மரியாதை இல்லை. கதவைத் திறந்து குரல் கொடுத்து, கையில் கொடுத்து, முட்டைக்கோஸ் எப்படி வந்திருக்கிறது, முட்டி வலி எப்படி என்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வர வேண்டும். நான் அதைச் சுற்றட்டை என்று சொல்லப் போகிறேன்.

1996 இலையுதிர் காலத்தில், தேர்தலை ஒட்டி, மகாபே சென்செய் ஆய்வுக்காக உஷிதானிக்குப் போனார். கூட நானும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சென்செய் தினமும் பக்கத்து ஊர் விடுதியிலிருந்து பஸ்ஸில் வந்து போனார். நான் ஆறாம் வீட்டில் ஒரு வயதான தம்பதியோடு இரண்டு மாதம் தங்கினேன். பத்து நாளுக்கு ஒருமுறை சுற்றட்டை வரும். ஆறாம் வீட்டுக்காரருக்கு இடுப்பு சரியில்லை, அதனால் அதை ஏழாம் வீட்டுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பாயிற்று.

ஏழாம் வீட்டில் மிசாவோம்மா தனியாக இருந்தார். கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் பெயர் அவர் நாக்கில் நிற்கவில்லை, "இந்தியாப் பொண்ணு" என்றே கூப்பிட்டார். எனக்கு ஐம்பத்து மூன்று ஆகிறது, இன்றைக்கும் நான் அவருக்கு இந்தியாப் பொண்ணுதான். அட்டையை வாங்கி அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு, உப்பிட்ட முள்ளங்கியும் டீயும் கொடுப்பார். அரை மணி நேரத்துக்குக் குறைந்து விடமாட்டார். அந்த அட்டை வரும் நாளுக்காக அவர் தலை வாரிக்கொண்டு இருந்தார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது எழுதும்போதுதான் அவருடைய ஈரமான வகிடு ஞாபகம் வருகிறது.

4

இனி மகாபே சென்செய். இங்கேதான் எனக்குப் பிரச்சினை.

முதலில் எழுதிய ஒரு வடிவத்தில் அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஏழைபாழைகளின் வாயைக் கிளறிப் புத்தகம் போட்டுப் பெயர் வாங்கிய பேராசிரியர், தங்க பிரேம் கண்ணாடி, அலட்சியமான சிரிப்பு. கதை அழகாக ஓடியது. ஆனால் அது அவர் இல்லை. அவர் காதில் முடி வளர்ந்த, கூச்சம் பிடித்த மனிதர். யார் வீட்டுக்குள் போனாலும் செருப்பை இரண்டு முறை திருப்பி அடுக்குவார். மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று, கடையில் வாங்கிய சோற்றுருண்டையைப் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தின்பார்.

அவருடைய ஆய்வு இதுதான். அந்த மலைத்தொகுதியில் ஒரே எம்.பி. ஐந்து தேர்தலாக ஜெயித்துக்கொண்டிருந்தார். உஷிதானியில் எல்லாரும் அவருடைய ஆதரவுச் சங்கத்தில் உறுப்பினர்கள், அவருக்கு "நம்ம ஆளு" என்றுதான் பெயர். ஜப்பானில் ஓட்டுச்சீட்டில் வேட்பாளர் பெயரைப் பென்சிலால் கையால் எழுத வேண்டும். திரை மறைவில் ஒருவர் தனியாகப் பென்சிலோடு நிற்கும்போது சங்கம் சொன்ன பெயரைத்தான் எழுதுகிறாரா என்பது சென்செயின் கேள்வி.

யார் சொல்வார்கள்? பத்து வீட்டிலும் ஒரே பதில், "நம்ம ஆளுக்குத்தான்." மூன்று நாள் முடிந்து அவர் நோட்டில் அந்த ஒரு வரி மட்டும் பத்து தடவை இருந்தது. நான்காம் நாள் ஏழாம் வீட்டுக்குப் போனோம். மிசாவோம்மா டீ ஊற்றினார், சென்செயின் நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் மூணு தேர்தலா வேற பேருதான் எழுதுறேன். வீட்டுக்காரர் இருந்தப்பவே அப்படித்தான். அவருக்கே தெரியாது."

சென்செயின் காதுகள் சிவந்துபோயின. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். ஏன், எப்போதிருந்து, எழுதும்போது கை நடுங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மிசாவோம்மா எல்லாவற்றுக்கும் விரிவாகப் பதில் சொன்னார். நடுவில் கல்யாணத்துக்கு முன்பு பட்டு ஆலையில் வேலை செய்தது, அங்கே பாடிய பாட்டு என்று எங்கெங்கோ போனார். சென்செய் அதையும் எழுதிக்கொண்டார். நான் ஒலிநாடாவைத் திருப்பிப் போட்டேன்.

5

மூன்று வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. அதில் புள்ளிவிவரம் நாற்பது பக்கம், எட்டு ஊர்கள், நல்ல உழைப்பு. ஆனால் புள்ளிவிவரத்தை யாரும் மேற்கோள் காட்டவில்லை. எல்லாரும் "ஏழாம் வீட்டை"க் காட்டினார்கள். கட்டுக்கோப்பான ஊரிலும் பென்சில் தனி ஆள் என்பதுதான் அந்தக் கருத்து. பாடப்புத்தகத்துக்குப் போயிற்று, கொரியாவைப் பற்றி எழுதியவர்களும் இத்தாலியைப் பற்றி எழுதியவர்களும் எடுத்தாண்டார்கள். முப்பது வயது ஆய்வாளன் ஒருவன் மேடையில் "நாம் எல்லாருமே ஏழாம் வீடுதான்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியதை நானே கேட்டேன்.

ஊர் பெயர் மாற்றப்பட்டிருந்தது. ஆட்களின் பெயர் கிடையாது, வயதுகூட ஐந்து வருஷம் கூட்டிக் குறைத்துப் போட்டிருந்தார். சென்செய் அந்த விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை. வீடுகளுக்கு எண் கொடுத்து, எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு கோட்டுப்படம் போட்டிருந்தது. வரிசை எதுவும் தெரியாதபடி எண்ணைக் கலைத்துப் போடச் சொல்லியிருந்தார்.

"வரைபடத்தை ஓர் உதவியாளர் வரைந்தார்."

அந்த உதவியாளர் நான்.* கலைத்துப் போட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மாதம் நான் எந்த வரிசையில் அந்த வீடுகளை மனதில் வைத்திருந்தேனோ அந்த வரிசையில் எண் போட்டேன். அதாவது சுற்றட்டை போகும் வரிசையில். வெளியூர்க்காரன் யார் பார்த்தாலும் அது வெறும் எண்தான். உஷிதானிக்காரர்களுக்கு அது முகவரி.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. ஆய்வுப் புத்தகத்தை அந்த மலையில் யார் வாங்கப் போகிறார்கள்? ஆனால் உதவி செய்தவர்களுக்குப் புத்தகம் அனுப்புவது முறை. சென்செய் முறை தவறாதவர். பதினோரு பிரதிகள், ஒவ்வொன்றிலும் தூரிகையால் எழுதிய நன்றிக் கடிதம், கூடவே மேப்பிள் இலை வடிவ இனிப்பு ஒரு பெட்டி. பதினோரு பொட்டலத்தையும் மூலை மடங்காமல் கட்டி அஞ்சலகத்தில் சேர்த்தது நான்.

* புத்தகத்தின் நன்றியுரையில் கடைசியிலிருந்து இரண்டாவது பெயர் என்னுடையது. அன்றைக்கு அம்மாவுக்கு நெல்லைக்குப் போன் போட்டு, என் பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

6

அடுத்த வருஷத் தேர்தலில் "நம்ம ஆளு" முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றார். அவரோடு உஷிதானியை மருத்துவமனைப் பக்கம் இணைக்கவிருந்த சுரங்கப்பாதையும் போயிற்று. ஒரு வீட்டின் ஒரு ஓட்டால் யாரும் தோற்கவில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் அது புரியும். ஆனால் எல்லார் வீட்டு அலமாரியிலும் எண்பத்தெட்டாம் பக்கம் இருந்தது.

யாரும் சண்டை போடவில்லை. சத்தம் போடவில்லை. அடுத்த சுற்றில், ஆறாம் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, ஏழாம் வீட்டைத் தாண்டி, எட்டாம் வீட்டில் அட்டையைக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு இதெல்லாம் 2003 வரை தெரியாது. ஆறாம் வீட்டு அம்மாவின் சாவுக்குப் போனபோது, மிசாவோம்மா கொல்லைப்புறம் தனியாக நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். சிரித்தார்.

"தீப்பிடிச்சா வருவாங்க, செத்தா வருவாங்க. அந்த ரெண்டுக்கும் விலக்கு கிடையாது. நடுவுல இருக்கிற வாழ்க்கைக்குத்தான் ஆள் இல்ல."

வாய்க்கால் தூர்வாரும் நாள் தெரியாததால் அவர் போகவில்லை, போகாததால் கோபம் கூடியது. தண்ணீர் நிற்கும் நாள் தெரியாமல் இரண்டு முறை தாகத்தோடு இருந்தார். ஒருமுறை, இறந்துபோன ஒருவரின் மருமகளிடம் மாமனார் சௌக்கியமா என்று கேட்டுவிட்டார். அதைச் சொல்லும்போது மட்டும் கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினார்.

திரும்பி வந்து சென்செயிடம் சொன்னேன். எண்களை வைத்தது நான்தான், சுற்றட்டை வரிசை, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் பதிப்பில் எண்களைக் கலைத்தார். ஏழாம் வீடு மூன்றாம் வீடு ஆயிற்று. முதல் பதிப்பை அனுப்பிவிட்டு இரண்டாவதை அனுப்பாமல் இருப்பது மரியாதை இல்லை என்று மறுபடியும் பதினோரு பிரதி அனுப்பினார். உஷிதானியில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதுவரை இரண்டொருவருக்கு இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

(இதை நகைச்சுவையாக எழுதலாமா என்று யோசித்தேன். எழுதியவரை நகைச்சுவையாகத்தான் வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

7

சின்ன அத்தியாயம். சென்செய்க்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கடைசி மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்தார். வாரம் ஒருமுறை நான் போவேன். போனதும் ஒரே கேள்வி கேட்பார்.

"இப்ப எத்தனை?"

மேற்கோள் எண்ணிக்கை. நான் சொல்வேன். ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்று, எண்பத்து நாலு, எண்பத்தேழு. தலையாட்டுவார். பிறகு ஆரஞ்சுப் பழத்தை உரிக்கத் தெரியாமல் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் இரண்டாவது கேள்வி.

"ஏழாம் வீட்டுல?"

"நல்லா இருக்காங்க" என்பேன்.

கடைசியாக நான் பார்த்த எண்ணிக்கை ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அவர் இறந்த பிறகும் இருபத்தைந்து ஏறியிருக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் அதைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

8

போன ஏப்ரலில், தாக்கக் கட்டுரைக்குத் தகவல் சேர்ப்பதாகத் துறையில் சொல்லிவிட்டு உஷிதானிக்குப் போனேன். பதினொன்றில் நாலு வீட்டில்தான் இப்போது ஆள் இருக்கிறது. ஒன்றாம் வீட்டில் ஒகிநாகா என்ற தொண்ணூற்றொரு வயது ஊர்த்தலைவர், நாலாம் வீடு, ஏழாம் வீடு, ஒன்பதாம் வீடு. சுற்றட்டை இன்னும் சுற்றுகிறது. ஒன்றிலிருந்து நாலு, நாலிலிருந்து ஒன்பது. நாலாம் வீட்டுக்காரர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் ஜன்னலைத் தாண்டிப் போவதை மிசாவோம்மா பார்ப்பார். இப்போது யாருக்கும் கோபம் இல்லை. அவர் வாசலில் முதலில் நிற்பது யார் என்பதுதான் தெரியவில்லை.

டீயும் முள்ளங்கியும் வந்தன. நான் சென்செய் காலமானதைச் சொன்னேன். அவருக்குத் தெரியாது. அதுவும் அட்டையில் வந்திருக்கிறது.

"ஒரு தடவை வந்தாரு" என்றார். "ரெண்டாவது புத்தகத்துக்கு அப்புறம். வாசல்ல நின்னாரு, குனிஞ்சாரு, ரொம்ப நேரம் நிமிரவே இல்ல. சாப்பிட்டுப் போங்கன்னேன். போயிட்டாரு. அவரு குடுத்த இனிப்பு நல்லா இருந்துச்சு."

பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முள்ளங்கியில் உப்பு கூடிவிட்டது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

"நான் வேற பேரு எழுதவே இல்ல, தெரியுமா. எப்பவும் நம்ம ஆளு பேருதான் எழுதினேன்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மூணு நாளா பஸ் ஸ்டாப்புல உக்காந்து தனியா சோத்துருண்டை தின்னுக்கிட்டு இருந்தாரு. நோட்டைப் பாத்தா ஒண்ணுமே இல்ல. அவ்ளோ தூரத்துல இருந்து வந்த மனுஷனை வெறும் டீயோட அனுப்ப மனசு வரல. ஏதாவது குடுக்கணும்னு தோணுச்சு." கோப்பையைக் கீழே வைத்தார். "குடுத்ததும் ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டாரே. வீட்டுக்காரர் போனப்புறம் என் பேச்சை அவ்ளோ நேரம் யாருமே கேட்டதில்ல. நிறுத்தவே தோணல."

"இப்ப சொல்றது நிஜந்தானா?" என்றேன்.

"அன்னிக்கு நீ அப்படிக் கேக்கலையே" என்றார்.

இந்த இடத்தில் வாசகர் என்னை நம்பக் கூடாது, நானே என்னை நம்பவில்லை. அவர் அன்று பொய் சொல்லியிருக்கலாம், விருந்தாளிக்காக. இன்று பொய் சொல்லலாம், அட்டைக்காக. ஓட்டுச்சீட்டில் போட்டவர் பெயர் கிடையாது, அந்தச் சீட்டுகள் என்றோ அழிந்திருக்கும். எந்த நாளில் அவர் பொய் சொன்னார் என்று கண்டுபிடிக்க இந்த உலகத்தில் வழியே இல்லை. அரசியல் ஆய்வில் இருபத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவள் சொல்கிறேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் யாரும் யார் கையையும் பிடிப்பதில்லை.

"அவரைப் பத்தி எழுதப் போறேன்னியே. அதுல ஒரு வரி போடு. ஏழாம் வீட்டுக்காரி பொய் சொன்னான்னு. பொய்க்காரின்னா பரவாயில்ல, இந்த ஊர்ல யாருதான் பொய் சொல்லல. பொய்க்காரி வீட்டுக்கு அட்டை வரும். துரோகி வீட்டுக்குத்தான் வராது."

9

அந்த வரியை எழுதினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டாயிரம் எழுத்துக் கட்டுரையில் கடைசிப் பத்தியில், பணிவான சொற்களில், ஏழாம் வீட்டுச் சாட்சியம் பிற்பாடு சொன்னவராலேயே மறுக்கப்பட்டது என்று எழுதி அனுப்பினேன்.

மலரின் தொகுப்பாளர் நிராசாவா, சென்செயின் கடைசி மாணவர். என்னைவிட மூன்று வருஷம் இளையவர், இன்று துறைத்தலைவர். ஆனாலும் என்னை "சீனியர்" என்றுதான் கூப்பிடுவார். மறுநாள் ஆவண அறைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். கதவைச் சாத்தினார்.

"சீனியர், இது நினைவு மலர். எண்ணிக்கை போடுங்க, எங்கெங்க மொழிபெயர்த்தாங்கன்னு போடுங்க. ஒரு வயசான அம்மா இருபத்தெட்டு வருஷம் கழிச்சுச் சொன்னதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

நான் அவரை நேராகப் பார்த்து, "இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்க சொன்னதுக்கு என்ன ஆதாரம் இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்தது. அறையில்—

இல்லை. இது கதைக்காக எழுதியது. அப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இரண்டு நாள் கழித்து, டிராமில் நின்றுகொண்டிருந்தபோது. அவர் அறையில் நின்றபோது நான் சொன்னது வேறு.

"சரி" என்றேன்.

அந்தப் பத்தி போயிற்று. அந்த இடத்தில் 1,312 வந்தது.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாய்மொழிப் பற்று ஒன்றும் இல்லை. நிராசாவாவுக்குத் தமிழ் தெரியாது. ஒகிநாகாவுக்கும் தெரியாது. மிசாவோம்மாவுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத மொழியில் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு எப்போதும் உண்டு.

10

மலர் போன வாரம் வந்தது. தடித்த அட்டை, முந்நூறு பக்கம். உதவியவர்களுக்குப் பிரதி அனுப்புவது முறை அல்லவா. நான் ஒரு பிரதியை எடுத்தேன், நன்றிக் கடிதம் எழுதினேன், இனிப்புப் பெட்டி வைத்தேன், மூலை மடங்காமல் கட்டினேன். உஷிதானி, ஏழாம் வீடு. அஞ்சலகத்தில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றபோதுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அவருக்குக் கண்ணில் புரை, சின்ன எழுத்துத் தெரியாது, அதனால் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு கேவலமான ஆறுதலை நான் அதற்குமுன் தேடிக்கொண்டதில்லை.

இன்று காலை அழைப்பு. குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"இந்தியாப் பொண்ணு, புத்தகம் வந்துச்சு. கனமா இருக்கு. ஒகிநாகா வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகலாம்னு தலை வாரிக்கிட்டு உக்காந்திருக்கேன். அவருகிட்ட பூதக்கண்ணாடி இருக்கு, சத்தமாப் படிச்சுக் காட்டச் சொல்லுவேன். கண்ணு சரியாத் தெரியல. என் வரி எந்தப் பக்கத்துல இருக்குன்னு மட்டும் சொல்லு."

இதுதான் கேள்வி. "ஒரு நிமிஷம் இருங்க, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவில் நான் 214 என்கிறேன். அது என் கட்டுரை இருக்கும் பக்கம். அவர் அதில் முள்ளங்கி ஜாடியை மூடும் துணியில் ஒரு துண்டைக் கிழித்து அடையாளம் வைத்து, மேட்டில் ஏறி ஒன்றாம் வீட்டுக்குப் போகிறார். இருபத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டுகிறார். ஒகிநாகா பூதக்கண்ணாடியை வைத்துச் சத்தமாகப் படிக்கிறார். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகளில் ஏழாம் வீடு, என்று படிக்கிறார். இந்த முடிவை என்னால் மேலே எழுத முடியவில்லை.

இன்னொன்றில் ஒகிநாகா கிழவர் நல்லவர். அச்சில் இல்லாததை இருப்பதாகப் படிக்கிறார், அடுத்த வாரம் அட்டையோடு தானே வருகிறார். இதை எழுதும்போது அழுதேன். ஆனால் நான் செய்ய வேண்டியதை ஒரு தொண்ணூற்றொரு வயதுக்காரர் தலையில் கட்டிவிட்டு அழுகிறேன் என்று தெரிந்ததும் கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் நான் "அந்த வரி இல்லம்மா, நான் போடல" என்கிறேன். அவர், "சரி, சரி. வேலை இருந்திருக்கும். சாப்பிட்டியா?" என்கிறார். வாரிய தலையோடு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வழியே நாலாம் வீட்டுக்காரர்—

நான்காவது ஒன்றும் உண்டு. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, உஷிதானி போய், ஒன்றாம் வீட்டில் முழந்தாளிட்டு, படத்தை வரைந்தது நான், அவர் சொன்னது இது என்று என் வாயால் சொல்வது. அதற்கு அச்சு வேண்டாம், நிராசாவா வேண்டாம், பக்க எண் வேண்டாம். எனக்கு விஷயம் தெரிந்த பிறகு எந்த நாளிலும் செய்திருக்கலாம். பஸ் காலை ஒன்பது நாற்பதுக்கு இருக்கிறது. இப்போது மணி ஒன்பது ஐந்து.

இதை எழுதி முடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தேன் என்று எழுதுவது எளிது, அதனால்தான் எழுத மாட்டேன். இனி நான் என்ன எழுதினாலும் நீங்கள் நம்பப் போவதும் இல்லை.

ரிசீவரில் அவர் மூச்சு கேட்கிறது. பின்னால் கெண்டியில் தண்ணீர் கொதிக்கிறது. ஏதோ பாட்டை முனகுகிறார், பட்டு ஆலைப் பாட்டாக இருக்கலாம். அவருக்கு அவசரம் இல்லை, காத்திருந்து பழகியவர்.

"இருக்கியா?" என்கிறார்.

ரிசீவரை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன். நீங்கள் எடுங்கள்.